நெருப்பு அங்கே, புகை இங்கே!

1780-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வட அமெரிக்காவின் கிழக்கே நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் பகுதியில், காலையில் உதித்த சூரியன் நண்பகலுக்குள் மறைந்துவிட்டது. அன்று கிரகணம் இல்லை, இடிமழையும் இல்லை. ஆயினும் மதிய உணவுக்கு மக்கள் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியதாயிற்று. கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. உலகத்தின் இறுதி நாள் வந்துவிட்டதென்று அஞ்சிப் பலர் ஆலயங்களுக்கு ஓடினார்கள். கனெக்டிகட் சட்டமன்றத்தில் சபையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமென்ற பேச்சு எழுந்தது. ஏபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் அதற்கு இணங்கவில்லை. இறுதி நாளே ஆனாலும் கடமை செய்துகொண்டிருக்கையில் வரட்டும் என்ற கருத்தில் பேசி, மெழுகுவர்த்திகளைக் கொண்டுவரச் சொன்னாராம்.

அந்த இருளுக்குக் காரணம் புகை. எங்கிருந்து வந்த புகை? 2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, கனடா நாட்டு ஒன்டாரியோ மாநிலத்துப் பழைய மரங்களின் வளையங்களில் அந்த ஆண்டுக்குரிய தீத்தழும்புகளைக் காட்டியது. அதாவது, புகையைக் கண்ட நாளிலிருந்து நெருப்பைக் கண்டுபிடிக்க 227 ஆண்டுகள் ஆயின!

இன்று அதே கேள்விக்கு விடை கிடைக்கச் சில நிமிடங்கள் போதும். அது எப்படி என்பதைத்தான் எங்கள் விஞ்ஞான மன்றக் கூட்டத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து பேசினோம். பேசும்போது வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது நம் பழமொழி. மலையிலே புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டென்று அறிவதைத் தர்க்க நூலார் அனுமானத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள் என்று எங்கள் தமிழாசிரியை சொல்லியிருக்கிறார்கள். இரண்டிலும் நெருப்பு அருகில்தான் இருக்கிறது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. காட்டுத்தீயின் புகைக்கு அந்த எண்ணம் பொருந்தாது. 1950-ஆம் ஆண்டு கனடாவின் மேற்குப் பகுதியில் சின்சாகா என்னுமிடத்தில் மாதக்கணக்காக எரிந்த தீயின் புகை, செப்டம்பர் 24-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை இருட்டடித்தது. அணுகுண்டு வெடித்துவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். இரண்டு நாட்களில் அது அட்லாண்டிக் சமுத்திரத்தையும் தாண்டியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தார் சூரியனை நீல நிறத்தில் பார்த்தார்கள். அப்போது செயற்கைக்கோள்கள் இல்லை. விமானிகள் சொன்ன செய்திகளையும் காற்றோட்ட வரைபடங்களையும் ஒன்றாகக் கோத்துத்தான் புகை வந்த வழியை அறிந்தார்கள்.

புகை என்பது என்ன? அடுப்பு ஊதும் பாட்டியைக் கேட்டால் ‘கண் எரிச்சல்’ என்பார்கள். விஞ்ஞானத்தைக் கேட்டால், சூடான வாயுக்களும் அவற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களும் சேர்ந்த கலவை என்று சொல்லும். அத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறியதாயிருப்பதில் மூன்று விளைவுகள் உண்டு. துகள்கள் எளிதில் கீழே விழாமல் நாட்கணக்கில் காற்றோடு பிரயாணம் செய்கின்றன. மூக்கு மயிரில் சிக்காமல் நுரையீரலின் அடி வரை போகின்றன. மேலும் அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவில் இருப்பதால், அந்த ஒளியை நன்றாகச் சிதறடிக்கின்றன. கடைசியாகச் சொன்னதால்தான் செயற்கைக்கோள் புகையைப் பார்க்க முடிகிறது.

ஓட்டு வீட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாகச் சமையலறைக்குள் ஒரு கற்றை வெயில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவரை இருப்பதே தெரியாத புகை அந்தக் கற்றைக்குள் சுருள் சுருளாக ஆடும். அதை மேலேயிருந்து, பூமி முழுவதற்குமாகப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

பார்க்கும் கண்கள் இரண்டு வகை. முதல் வகை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. அவை பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், கீழிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். 2023-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைக் காவல் காத்த கோஸ்-16 அப்படிப்பட்டது. பூமியின் ஒரு முகம் முழுவதையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், அமெரிக்காவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் அது படமெடுத்தது. இரண்டாம் வகை, சுமார் 830 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுபவை. 2011-இல் ஏவப்பட்ட சுவோமி செயற்கைக்கோள் இந்த வகை. ஓரிடத்தின் மேல் பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறையும், இரவு அதே நேரத்துக்கு ஒருமுறையும் கடந்து செல்லும். முதல் வகை வாசலில் உட்கார்ந்து தெருவைக் கவனித்துக்கொண்டிருக்கும் பாட்டி. இரண்டாம் வகை காலையும் மாலையும் வந்து ஒவ்வொரு வீட்டையும் உற்றுப் பார்த்துப் போகும் தபால்காரர். எது நகர்கிறது என்று பாட்டியைக் கேட்க வேண்டும். எந்த வீட்டில் என்ன என்று தபால்காரரைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு தோழி எழுந்து, “புகை மூடியிருக்கும்போது அதன் அடியிலுள்ள நெருப்பு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்கும் அந்தச் சிறு துகள்கள், அலைநீளம் அதிகமான அகச்சிவப்புக் கதிர்களை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவே வெப்பத்தைப் பார்க்கும் கருவிக்குப் புகை ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி. கொல்லன் உலையில் இரும்பு சூடேற ஏற, சிவப்பிலிருந்து மஞ்சளாகி வெண்மையாவதைப் போல, சூடு கூடும்போது பொருள்கள் குறைந்த அலைநீளக் கதிர்களை மேலும் மேலும் வீசுகின்றன. விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர் பிளாங்கின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதித் தந்தார்கள். 27 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள தரையையும் 727 டிகிரி வெப்பமுள்ள தீயையும் எடுத்துக் கணக்கிட்டோம். 11 மைக்ரான் அலைநீளத்தில் தீ தரையைவிடச் சுமார் 28 மடங்கு பிரகாசம். 4 மைக்ரானிலோ நாலாயிரம் மடங்குக்கும் மேல்! விடை தப்பென்று நினைத்து இரண்டுமுறை போட்டுப் பார்த்தோம்; தப்பில்லை. ஆகையால்தான் 375 மீட்டர் சதுரம் ஒன்றில் ஒரு சிறு மூலை மட்டும் எரிந்தாலும், 4 மைக்ரான் படத்தில் அந்தச் சதுரம் தனியே பளிச்சிடுகிறது. சுவோமியின் கருவி இப்படித்தான் தீப்புள்ளிகளைக் குறிக்கிறது. புள்ளி நெருப்பு, அதிலிருந்து நீளும் வால் புகை.

வாலைப் பார்ப்பது கேட்பதற்குத்தான் எளிது. எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் செயற்கைக்கோள் படங்களைத் திறந்து, கனடாவின் மேல் வெண்மையாகப் பரவியிருந்த ஒன்றைக் காட்டி, “இதோ புகை!” என்று நாங்கள் நால்வரும் ஒரே குரலில் கத்தினோம். சிஸ்டர் அமைதியாக, “அது மேகம். அகச்சிவப்புப் படத்தையும் எடுத்துப் பாருங்கள்” என்றார்கள். பார்த்தோம். அதிலும் அது பளிச்சென்று நின்றது. புகையாயிருந்தால் அதில் மறைந்திருக்க வேண்டும். வெட்கமாய்ப் போய்விட்டது. அதன் பிறகு கவனித்ததில் வேறு அடையாளங்களும் தெரிந்தன. மேகம் வெள்ளை, புகை கறுத்த காட்டின் மேல் இலேசான நீலம் கலந்த சாம்பல் நிறமாகவும், மிக அடர்ந்தால் பழுப்பாகவும் தெரிகிறது. மேகத்துக்கு ஓரங்கள் உண்டு; புகை துணியில் பட்ட எண்ணெய்க்கறை போல எங்கே முடிகிறதென்று தெரியாமல் மங்கிக்கொண்டே போகிறது. பத்து நிமிடப் படங்களை வரிசையாக ஓட்டினால் இன்னும் தெளிவு. மேகம் தோன்றுவதும் கலைவதுமாயிருக்கும். புகை ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு நீண்டுகொண்டேயிருக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் கடல் மற்றும் வளிமண்டலத் துறையில், நாள்தோறும் இப்படங்களை ஓட்டிப் பார்த்துப் புகையின் எல்லைகளை மனிதர்களே கையால் வரைகிறார்கள்! மெல்லியது, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். இத்தனை இயந்திரங்களுக்கு நடுவிலும் பயிற்சி பெற்ற மனிதக் கண்ணுக்கு வேலை இருக்கிறது. அவர்களுக்கு ஏற்ற நேரம் விடிந்த சிறிது நேரமும், பொழுது சாயும் முன் சிறிது நேரமும். வெயில் சாய்வாக விழும்போது புகை ஒளியை அதிகமாகக் கோள் இருக்கும் திசைக்குச் சிதறடிப்பதால், நண்பகலில் தெரியாத மெல்லிய புகைகூட அப்போது தெரியும். சமையலறைக் கூரைக் கண்ணாடியின் கதைதான் இதுவும். இரவில் இந்த வித்தை செல்லாது.

வெண்பனியின் மேலோ, வெள்ளை மேகத்தின் மேலோ புகை பரவினால் என்ன செய்வது? வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியது போலல்லவா? இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோன் வாயுவை அளப்பதற்காக ஒரு புற ஊதாக் கருவியை வைத்திருந்தார்கள். காற்றிலுள்ள மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரை மிகுதியாகச் சிதறடிக்கும். புகையோ அதை விழுங்கும். இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், மேகத்தின் மேல் கிடக்கும் புகைகூடத் தனியே தெரிந்துவிடும் என்று பிற்காலத்தில் கண்டார்கள். ஓசோனைத் தேடப் போன கண்ணுக்குப் புகையும் அகப்பட்டது. இன்று அந்த முறையில் வேறு கோள்கள் வேலை செய்கின்றன. 2017-இல் ஐரோப்பியர்கள் ஏவியது ஒன்று, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவையும் சேர்த்து அளக்கிறது.

இனி 2023-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு கனடாவில் எரிந்த காடு சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது லட்சம் ஹெக்டேர்தான். ஜூன் மாதத் தொடக்கத்தில் கியூபெக் மாநிலத்தில் மின்னல் தாக்கிப் பல இடங்களில் தீ பிடித்தது. தீப்புள்ளிகள் படத்தில் சிவந்தன. அதே சமயம் கனடாவின் கிழக்குக் கரையோரம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகராமல் நின்றது. வட கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும் என்று புவியியலில் படித்திருக்கிறோம். அப்படியானால் அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்க வேண்டும். தீயும் அந்த மேற்குப் பக்கத்தில்தான். ஆற்றில் விட்ட சாயம் போலப் புகை தெற்கே வழிவதைக் கோஸ்-16 படம் படமாகக் காட்டியது. ஜூன் 7-ஆம் நாள் பிற்பகல் நியூயார்க் நகரம் ஆரஞ்சு நிறமாயிற்று. 500 வரை போகும் காற்றுத் தரக் குறியீட்டில் 300-ஐத் தாண்டினாலே அபாயம். அன்று சில மணி நேரம் அது 400-ஐயும் தாண்டியது. விமானங்கள் நின்றன, பேஸ்பால் ஆட்டம் தள்ளிப்போடப்பட்டது, பள்ளிப் பிள்ளைகளின் வெளி விளையாட்டுகள் நிறுத்தப்பட்டன. சில நாட்களில் அதன் மெல்லிய பங்கு நார்வே வரை சென்றது. மாத இறுதியில் புகை ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் மேலும் வந்தது.

இந்த இடத்தில் கைதட்டலோடு முடித்துவிடலாமென்று இருந்தோம். அப்போதுதான் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எழுந்தாள். அவளுக்கு இழுப்பு நோய் உண்டு. போகிப் பண்டிகை விடியலில் நாங்களெல்லாம் தெருவில் நிற்கையில், அவள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்டாள்: “படத்தில் நகரத்தின் மேல் புகை இருக்கிறது, சரி. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? எனக்கு மூச்சில் வருமா, வராதா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவேயில்லை! வீட்டுக்குப் போய்ப் படித்து, அடுத்த வாரக் கூட்டத்தில் சொன்ன பதில் இது.

கிணற்றை எட்டிப் பார்ப்பவளுக்கு இலை தெரியும். அது நீர்மட்டத்தில் மிதக்கிறதா, ஓரடி அமிழ்ந்து நிற்கிறதா என்று சொல்வது கடினம். செயற்கைக்கோள் படமும் அப்படித்தான். வானத்தின் உச்சியிலிருந்து தரை வரை உள்ள புகையையெல்லாம் ஒரே தாளில் தட்டையாக்கிக் காட்டுகிறது. நாம் மூச்சு விடுவதோ அடியிலுள்ள ஓர் ஆள் உயரக் காற்றை.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம், நியூயார்க்கைவிட இருண்டு ஆரஞ்சு நிறமாகக் கிடந்தது. நண்பகலில் கார்கள் விளக்குப் போட்டு ஓடின. (கைபேசிக் காமிராக்கள் அந்த நிறத்தை நம்பாமல் தாமே திருத்திச் சாம்பலாக்கிவிட்டனவாம்!) ஆனால் தரையிலிருந்த கருவிகள் காட்டிய எண் அவ்வளவு மோசமாயில்லை. கடலிலிருந்து வந்த குளிர்ந்த பனிமூட்டம் ஒரு பாய் போலத் தரையோடு விரிந்திருக்க, புகை அதன் மேலே நின்றுவிட்டது. அடுத்த சில நாட்களில் ஆரஞ்சு நிறம் போய் வானம் வெறும் சாம்பலாயிற்று, புகையும் கீழிறங்கிற்று, காற்றின் எண் ஏறிற்று. பயங்கரமாகத் தெரிந்த நாளைவிட, சாதாரணமாகத் தெரிந்த நாளில்தான் அங்குள்ளவர்கள் அதிகமான புகையைச் சுவாசித்தார்கள்.

உயரத்தை அறிய வழிகள் இருக்கின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தடுமாறுவீர்கள். தூரம் தெரிய இரண்டு கண்கள் வேண்டும். 1999-இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில், ஒரே இடத்தை முன்னும் பின்னும் நேர் கீழுமாகப் பார்க்கும் ஒன்பது காமிராக்களை வைத்தார்கள். ஒன்பதும் ஓரிடத்தைப் பார்த்து முடிக்க ஏழு நிமிடம் ஆகும். படத்துக்குப் படம் புகை எவ்வளவு விலகித் தெரிகிறதோ, அதைக் கொண்டு அதன் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ இன்னொரு முறையைக் கையாண்டது. அது விநாடிக்கு இருபது தடவை லேசர் ஒளியைக் கீழே செலுத்தி, திரும்பி வரும் நேரத்தை அளந்தது. ஒரு புகையடுக்கு 150 மீட்டர் உயரத்தில் கூடுதலாயிருந்தால், ஒளி ஒரு மைக்ரோ விநாடி முன்னதாகத் திரும்பிவிடும். எத்தனை நுட்பம்! ஆனால் அது பார்த்தது தன் பாதைக்கு நேர் கீழே உள்ள மெல்லிய கோட்டை மட்டுமே. சேலையில் ஒரே ஒரு நூலை உருவிப் பார்த்துவிட்டுச் சேலையைப் பற்றிச் சொல்வது போன்றது அது. புகை அந்தக் கோட்டுக்கு அப்பால் போனால் ஒன்றுமே தெரியாது. அந்தக் கோளும் 2023 ஆகஸ்டு மாதம் தன் பணியை முடித்துக்கொண்டது. 2024 மே மாதத்தில் ஐரோப்பியரும் ஜப்பானியரும் சேர்ந்து ஏவிய எர்த்கேர் என்னும் கோளிலும் லேசர் கருவி உண்டு.

ஆகவே தோழியின் கேள்விக்கு ஒரே கருவி விடை சொல்ல முடியாது. தீப்புள்ளிகளிலிருந்து வெளிப்படும் வெப்பத்தைக் கொண்டு எவ்வளவு புகை எழும், எந்த உயரம் வரை எழும் என்று கணக்கிடுகிறார்கள். அதைக் காற்றோட்டக் கணக்கில் சேர்த்துக் கணிப்பொறியில் ஓட்டி, அமெரிக்காவில் இரண்டு படங்கள் தருகிறார்கள்: வானம் முழுவதிலும் உள்ள புகை ஒன்று, தரையோரப் புகை மற்றொன்று. ஒரே நாளுக்குரிய அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே நாடுதானா என்று சந்தேகம் வரும். பிறகு தரையிலுள்ள அளவுக் கருவிகளோடு ஒத்துப் பார்த்துத் திருத்துகிறார்கள்.

இதையெல்லாம் ஒரு பெரிய அட்டையில் மூன்று பத்தியாக எழுதி மாட்டினோம். முதல் பத்தியில் கோள் கண்ட படம், இரண்டாவதில் புகையின் உயரம், மூன்றாவதில் தரைக் காற்றின் நிலை. தோழி வந்து, முதல் இரண்டையும் இரண்டு உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு மூன்றாவதை மட்டும் படித்தாள். “இன்றைக்கு எனக்கு இது போதும். நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டால்தான் மற்ற இரண்டும் வேண்டும்” என்றாள். பிறகு, “நியூயார்க்குக்குச் சொன்னீர்கள். நம் ஊருக்கு இந்த மூன்றாவது பத்தியை யார் எழுதுவது?” என்று கேட்டாள்.

எங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள காற்று அளவுக் கருவி எங்கே இருக்கிறதென்று நாங்கள் நால்வரும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். அடுத்த போகிக்குள் கண்டுபிடித்துச் சொல்வதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு